சினை நண்டின் கணக்கு

நண்டு, சிப்பி, மூங்கில், வாழை ஆகிய நான்கும் ஈன்றதும் அழிந்துபோகும் என்று பழைய நீதிப்பாடல் ஒன்று சொல்கிறது. குலை தள்ளிய வாழை சாய்கிறது, பூத்த மூங்கில் பட்டுப்போகிறது. அந்த இரண்டிலும் பாடியவர் சொன்னது சரிதான். நண்டில் சறுக்கிவிட்டார். ஆனாலும் அவரோ, அவருக்கு முன்னால் யாரோ ஒருவரோ வயல் நண்டை உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தாய் நண்டின் வயிறு திறந்து, பொடிப்பொடியாகக் குஞ்சு நண்டுகள் கொத்தாக வெளியே வருவதைக் கண்டவருக்குத்தான் 'வயிறு வெடித்துச் செத்துவிடும்' என்ற எண்ணம் தோன்றும். கடல் நண்டை மட்டுமே அறிந்தவருக்கு அது தோன்ற வழியில்லை. கடல் நண்டின் வயிற்றிலிருந்து குஞ்சு நண்டு வருவதே கிடையாது.

நண்டைக் கழுவி ஆய்ந்தவர்களுக்கு அதன் அடிப்புறம் பழக்கமானது. வயிற்றோடு ஒட்டி மடிந்த ஒரு மூடி இருக்கும். ஆணுக்கு அது ஒடுக்கமாக, முக்கோணம் போலவோ தலைகீழான ஆங்கில 'T' போலவோ அமையும். முதிர்ந்த பெண்ணுக்கு அகன்று வட்டமாக, அடிவயிறு முழுவதையும் மறைக்கும். உண்மையில் அது நண்டின் வால். இறாலில் நாம் தின்னும் பகுதிதான் இங்கே மெலிந்து, முன்னோக்கி மடிந்து கிடக்கிறது. பெண்ணின் மூடியை மெல்ல நிமிர்த்தினால் உள்ளே நான்கு இணைச் சிறு கால்கள் தெரியும். அவற்றின் ஓரமெல்லாம் மயிர். இட்ட முட்டைகள் அந்த மயிரில்தான் ஒட்டிக்கொள்கின்றன. முதலில் மஞ்சளோ ஆரஞ்சோ ஆன நிறம்; நாளாக ஆகக் கருத்து, முட்டைக்குள்ளிருந்து இரண்டு கரும்புள்ளிகளாகக் கண்கள் தெரியத் தொடங்கும். முட்டை பொரிந்த பிறகும் குஞ்சுகள் அங்கேயே தொற்றிக்கொண்டு சில நாட்கள், சில இனங்களில் சில வாரங்கள் இருக்கும். ஆகவே தாயின் வயிறு வெடிப்பதில்லை, மூடி திறக்கிறது. தாயும் சாவதில்லை, மறு ஈற்றுக்கு உயிரோடு இருக்கும்.

இதன் அருமை கடல் நண்டோடு ஒப்பிட்டால்தான் விளங்கும். கழிமுகத்துச் சேற்று நண்டு ஒரே ஈற்றில் பத்து லட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கும். ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதிலிருந்து வெளிவருவது நண்டு போலவே இருக்காது: கூர்முள்ளும் பெரிய கண்ணும் கொண்ட சோயியா என்னும் மிதவைப் புழு. ஐந்து முறை சட்டை உரித்து, மெகலோப்பா என்ற இன்னொரு வடிவமும் எடுத்து, சில வாரங்கள் கடலில் அலைந்த பிறகுதான் அது நண்டாகிறது. அதற்குள் மீன் தின்றதும் நீரோட்டம் அடித்துச் சென்றதும் போக, லட்சத்தில் ஒன்று மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

மலையோடையில் இந்த வாழ்க்கை நடக்காது. மிதக்கும் புழுவை ஓடை ஒரே இரவில் கீழே தள்ளிவிடும். எனவே நன்னீர் நண்டு இனங்கள் மிதவைப் பருவத்தை அடியோடு கைவிட்டன. சோயியாவாகவும் மெகலோப்பாவாகவும் கழிய வேண்டிய பருவமெல்லாம் முட்டைக்குள்ளேயே கழிகிறது. அதற்கு ஏற்ற கட்டுச்சோறு உள்ளே வேண்டும் அல்லவா? அதனால்தான் முட்டை பெரியது. மூன்று மில்லிமீட்டர் குறுக்களவு என்று வைத்துக்கொண்டால், கடல் நண்டின் முட்டையைப் போல் குறுக்களவில் பத்து மடங்கு, கொள்ளளவில் ஆயிரம் மடங்கு. ஒரே வயிற்று மூடிக்குள் அவ்வளவு பெரிய முட்டைகள் எத்தனை கொள்ளும்? லட்சங்கள் போய், சில பத்துகளும் சில நூறுகளும் ஆகின்றன.

ஆற்றில் வாழ்ந்தால் மட்டும் கடலிடமிருந்து விடுதலை கிடைத்துவிடாது. நம் ஊர் ஆறுகளில் பிடிபடும் பெரிய நன்னீர் இறால், மாக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கியை, பார்ப்போம். அது ஆற்றில் வளர்கிறது, ஆனால் அதன் குஞ்சுப் புழுக்களுக்கு உவர்நீர் வேண்டும். சினைப்பட்ட பெண் இறால் கழிமுகம் வரை இறங்குகிறது. நடுவில் அணை குறுக்கிட்டால் வம்சமே தடைப்படுகிறது. காரிடினா என்ற சின்னஞ்சிறு இறால் பேரினத்தில் இரண்டு போக்கும் பக்கத்துப் பக்கத்தில் காணக் கிடைக்கின்றன. கடலோடு தொடர்புள்ள ஓடைகளில் சிறு முட்டைகளை ஏராளமாக இடும் இனங்கள். மேட்டுநில ஓடைகளில் பெரிய முட்டைகளைச் சிலவே இடும் இனங்கள். கடலைக் கைவிட்டதற்கான விலையை ஒவ்வொரு கூட்டமும் முட்டையின் எண்ணிக்கையில்தான் கட்டியிருக்கிறது.

விலை அங்கேயே முடியவில்லை. மிதக்கும் குஞ்சு இல்லையென்றால் ஊர் விட்டு ஊர் போகவும் வழியில்லை. குஞ்சு நண்டு தாயின் வயிற்றிலிருந்து இறங்கி, தாய் வாழ்ந்த கல்லுக்குப் பக்கத்துக் கல்லில் வாழத் தொடங்குகிறது. மழை பெய்த இரவில் ஈரமண் வழியே சிறிது தூரம் நடக்கலாம், வெள்ளம் கீழே உருட்டிவிடலாம். மலைமுகட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கிற்குப் போவது அபூர்வம். இப்படியே சில லட்சம் ஆண்டுகள் கடந்தால் ஒவ்வொரு மலைக்கும், சில இடங்களில் ஒவ்வோர் ஓடைக்கும் தனி இனம் உண்டாகிறது. உலகில் 1,300க்கும் மேற்பட்ட நன்னீர் நண்டு இனங்கள் இருப்பதற்கும், அவற்றில் பல ஒரே மலைத்தொடரைத் தாண்டாததற்கும் அந்தப் பெரிய முட்டைதான் முதற்காரணம். ஓரிடவாழ் இனம் எப்படி உருவாகிறது என்பதும் அது எப்படி அழியும் என்பதும் ஒரே விடையுள்ள இரண்டு கேள்விகள் என்று நான் நினைக்கிறேன்.

இலங்கையைப் போல் இதைத் தெளிவாகக் காட்டும் இடம் குறைவு. அந்தத் தீவில் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட நன்னீர் நண்டு இனங்கள் உள்ளன; அவற்றில் ஏறத்தாழ எல்லாமே உலகில் வேறெங்கும் இல்லாதவை. சிலோன்தெல்பூசா, பெர்பிரிங்கியா, மகாதா போன்ற பேரினங்களே அத்தீவுக்கு உரியவை. பெர்பிரிங்கியா என்ற பெயர், 1962இல் இலங்கைக்கு ஆய்வுப் பயணம் வந்த ஸ்வீடன் நாட்டு விலங்கியலாளர் பெர் பிரிங்கின் நினைவாக இட்டது. மொத்த இனங்களில் பெரும்பகுதி 1990களுக்குப் பிறகுதான் பெயர் பெற்றது. ரோகன் பெத்தியகொட, முகம்மது பாகிர், சிங்கப்பூரின் பீட்டர் இங் முதலானோர் மழைக்காட்டு எச்சங்களில் ஓடை ஓடையாகக் கல்லைப் புரட்டிச் சேர்த்த பட்டியல் அது.

பாக் நீரிணை இவ்வளவு ஆழமற்றதாக இருந்தும் இரு கரையின் நண்டுகளும் ஏன் கலக்கவில்லை? பனியூழிகளில் கடல்மட்டம் இறங்கியபோதெல்லாம் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். யானை போயிற்று. ஃபிராங்கி போஸூயிட்டும் அவருடைய குழுவினரும் 2004இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட மரபணு ஆய்வு, தவளைகளையும் நன்னீர் நண்டுகளையும் உள்ளிட்ட பல கூட்டங்களில் மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் இடையே போக்குவரத்து மிகக் குறைவாகவே நடந்திருக்கிறது என்று காட்டியது. நிலப்பாலம் இருந்தது, ஆனால் அது உலர்ந்த சமவெளி. குளிர்ந்த ஈரக்காட்டை நம்பிய நண்டுக்கு அந்த வறண்ட நிலமும் கடலைப் போல ஒரு தடைதான்.

இலங்கையின் அந்த மலைகளில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பி பயிரானது. 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பி அழிந்தபின் தேயிலை வந்தது. தமிழ்நாட்டிலிருந்து கூட்டிச் செல்லப்பட்ட தொழிலாளர்கள் அந்தத் தோட்டங்களில் பட்ட பாடு தனிக் கதை. நண்டின் பக்கத்திலிருந்து பார்த்தால், இன்று பெயர் பெற்றிருக்கும் இனங்கள் காட்டின் மிச்சத்தில் மிஞ்சியவை. அழிந்த காட்டின் ஓடைகளில் என்னென்ன இருந்தன என்பதற்குப் பதிவே கிடையாது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு நண்டுக் கூட்டம் கூடாமல் குறையாமல் நிற்க வேண்டுமானால், ஒரு பெண் தன் வாழ்நாளில் ஈனும் குஞ்சுகளில் சராசரியாக இரண்டு மட்டும் பெரிதாகி இனம் பெருக்கினால் போதும். ஆண்டுக்கு நூறு குஞ்சு வீதம் இரண்டு ஈற்று என்று கொண்டால், இருநூறில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு எப்படியும் சாகும். அது இயற்கையின் கணக்கிலேயே அடங்கியது. சிக்கல் தாய் சாகும்போது வருகிறது. கடல் நண்டின் கூட்டம் ஓராண்டு சரிந்தால், மறு ஆண்டு நல்ல நீரோட்டம் வேறெங்கோ பிறந்த குஞ்சுகளைக் கொண்டுவந்து சேர்க்கும். மலையோடையில் வெளியூர் வரவு கிடையாது. மேல்மடையில் மிஞ்சியவை இருந்தால் வெள்ளம் சிலவற்றைக் கீழே கொண்டுவரும். மேல்மடையே நஞ்சுண்டால் கீழிருந்து மேலே ஏறி நிரப்ப நெடுங்காலம் பிடிக்கும். அதோடு, சினை நண்டு ஒன்றைப் பிடித்தால் தாயும் ஓராண்டின் குஞ்சுகள் அத்தனையும் ஒரே கையில் போய்விடுகின்றன.

முதிர்ச்சி அடையும் வயது கூடக் கூட இந்தக் கணக்கு இறுகும். அதன் எல்லையைப் பார்க்க வேண்டுமென்றால் டாஸ்மேனியாவுக்குப் போக வேண்டும். அத்தீவின் வடக்கே ஓடும் ஆறுகளில் அஸ்டகோப்சிஸ் கோல்டி என்ற நன்னீர்ச் சிங்கி இறால் வாழ்கிறது. முதுகெலும்பில்லாத நன்னீர் உயிர்களில் உலகிலேயே பெரியது. ஆறு கிலோ வரை எட்டியதாகப் பழைய பதிவுகள் உண்டு. ஆண் ஒன்பது வயதில் முதிர்கிறது, பெண்ணுக்கோ பதினான்கு வயது ஆக வேண்டும். அதன் பின்னும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் ஈற்று. இலையுதிர்காலத்தில் இணைந்து, குளிர்காலம் முழுக்க முட்டையைச் சுமந்து, மறு கோடையில் பொரித்து, குஞ்சுகளையும் சில மாதங்கள் வயிற்றடியில் வைத்திருக்கும். ஒரு மடுவில் இருந்த பெரிய பெண்களை ஒரு கோடைக்குள் பிடித்துத் தின்றுவிட்டால் அந்த இடத்தை நிரப்பப் பதினான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதைப் பிடிப்பதற்கு 1998இல் தடை வந்தது. தடைக்கு ஆதாரமாக நின்றது இந்த வயதுக் கணக்குதான்: எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதைவிட, ஒன்றை ஈடுகட்ட எத்தனை காலம் ஆகும் என்பதே அங்கு முடிவைத் தீர்மானித்தது.

நம் நண்டுகளுக்கு இப்படிக் கணக்கு எழுதுவது அவ்வளவு எளிதாக இல்லை. மீனின் செதிலிலும் காது எலும்பிலும் ஆண்டு வளையம் படியும், மரத்தில் படியும். நண்டு வளரும் ஒவ்வொரு முறையும் ஓட்டை முழுசாகக் கழற்றிப் போட்டுவிடுகிறது, அதோடு வயதின் சான்றும் போய்விடுகிறது. முதுகில் சாயக்குறி இட்டு விட்டால், அடுத்த சட்டை உரிப்பில் குறி பழைய ஓட்டோடு கிடக்கும், நண்டு புதுசாக நடந்துபோகும். ஆகவே ஆய்வாளர்கள் மாதாமாதம் ஒரே ஓடையில் பிடித்து ஓட்டின் அகலத்தை அளக்கிறார்கள். இந்த மாதம் பத்து மில்லிமீட்டரில் குவிந்த கூட்டம் அடுத்தடுத்த மாதங்களில் எங்கே நகர்கிறது என்று தொடர்வார்கள். இளசுகளிடம் இது பலிக்கும். முதிர்ந்தவற்றில் வளர்ச்சி மந்தமாகி, மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அளவில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குழம்பும்.

பிடிக்கும் முறையிலும் ஏமாற்றம் உண்டு. இரை வைத்த கூண்டில் பெரிய ஆண்களே முதலில் நுழைந்து மற்றவற்றை விரட்டும். சினைப்பட்ட பெண்கள் வளையை விட்டு வெளியே வருவதைக் குறைத்துக்கொள்ளும். அந்த மாதத்தில் மட்டும் போய் எண்ணியவர் 'ஆண்கள் இரண்டு மடங்கு' என்று எழுதிவிட்டு வருவார். பெண்கள் குறையவில்லை, பதுங்கியிருக்கின்றன. நண்டுகளின் ஆண் பெண் விகிதம் பற்றி ஒரே ஒரு பருவத்து ஆய்வு தரும் எண்ணை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

பருவம் அந்த அளவுக்கு முக்கியம். 1798இல் ஃபாப்ரிசியஸ் பெயரிட்ட ஓசியோடெல்பூசா செனெக்ஸ், தென்னிந்திய வயல்களிலும் வாய்க்கால்களிலும் சாதாரணமாகக் கிடைக்கும் நண்டு. வரப்பில் வளை தோண்டி நீரை வடியவிடுவதால் விவசாயிக்கு அதன்மேல் கோபம். சளி பிடித்த வீட்டில் நண்டு ரசமாக அதுவே மருந்து. கோடையில் வளையின் வாயைச் சேறால் அடைத்துக்கொண்டு ஈரமுள்ள ஆழத்தில் கிடக்கும், மழை விழுந்ததும் வெளியே வரும். திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் இந்த நண்டின் உடலியங்கியல் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. நண்டின் கண்காம்பில் ஒரு சுரப்பி இருக்கிறது. சட்டை உரிப்பதைத் தடுக்கும் சுரப்புநீரும் சூலகம் வளர்வதைத் தடுக்கும் சுரப்புநீரும் அங்கிருந்து வருகின்றன. கண்காம்பை நீக்கினால் இரண்டு தடையும் ஒருசேர விலகும். இறால் பண்ணைகளில் தாய் இறாலின் ஒரு கண்ணை அகற்றிச் சினைப்பிடிக்க வைப்பது இந்தத் தத்துவத்தில்தான். பயன் இருக்கலாம், பார்க்கச் சகிக்காது.

வளர்வதா, ஈனுவதா என்ற இழுபறியைக் காட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். முட்டை ஒட்டியிருக்கும் மயிரும் ஓட்டின் பகுதியே. சினைக்காலத்தில் தாய் சட்டை உரித்தால் அத்தனை முட்டையும் பழைய ஓட்டோடு போய்விடும். எனவே சுமக்கும் காலம் முழுக்க அவள் வளர்வதில்லை. பெரும்பாலும் இரை தேடலும் குறைகிறது. பெரிய உடலுக்கு நிறைய முட்டை, ஆனால் பெரிதாவதற்குச் சட்டை உரிக்க வேண்டும், உரிக்க வேண்டுமானால் ஈற்றைத் தள்ளிப்போட வேண்டும். ஆண்டில் இரண்டையும் செய்து முடிக்கும் அளவுக்கு வெதுவெதுப்பும் தண்ணீரும் உணவும் கிடைக்கும் மாதங்கள் சிலவே. வயநாட்டு வயல்களிலும் சதுப்புகளிலும் வாழும் டிராவன்கோரியானா ஷிர்னெரே என்ற உண்ணும் நண்டைத் தொடர்ந்து கவனித்த கேரள ஆய்வாளர்கள், அது ஆண்டுக்கு ஒரே முறை ஈனுவதைக் கண்டார்கள். மழைக்காலம் நகர்ந்தால் அந்த ஒரே வாய்ப்பும் நகர வேண்டும். நகர முடியாதபோது ஓராண்டின் வரவு இல்லாமல் போகும். பூச்சிமருந்து எந்த மாதத்தில் தெளிக்கப்படுகிறது என்பது எவ்வளவு தெளிக்கப்படுகிறது என்பதற்குச் சற்றும் குறையாத கேள்வி. டைஃபுளூபென்சுரான் போன்ற மருந்துகள் பூச்சியின் மேல்தோலில் உள்ள கைட்டின் உருவாவதைத் தடுத்துக் கொல்கின்றன. நண்டின் ஓடும் கைட்டின்தான்.

இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் நம் கையில் பெரும்பாலும் இருப்பது பரவல் வரைபடம். 2009இல் கம்பர்லிட்ஜும் சகாக்களும் உலகின் நன்னீர் நண்டுகளை பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) சிவப்புப் பட்டியலுக்காக மதிப்பிட்டபோது, ஏறத்தாழ பாதி இனங்களுக்கு 'தரவு போதாது' என்ற முத்திரையே இட முடிந்தது. இலங்கையில் மதிப்பிட்டவற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அழியும் ஆபத்தில் இருந்தது. அந்த முடிவு பெரும்பாலும் பரப்பளவை வைத்து எடுத்தது: பரவியிருக்கும் எல்லை 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு, வாழிடமும் சிதைந்துவருகிறது என்றால் மிக ஆபத்தான நிலை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கையில் இருந்ததை வைத்து நேர்மையாகச் செய்த வேலை. ஆனால் அதே பட்டியலில் தலைமுறைக் காலத்தை வைத்துச் சரிவை அளக்கும் இன்னொரு விதியும் உண்டு. அதைப் பயன்படுத்த, பெண் நண்டு எந்த வயதில் முதல் ஈற்று ஈனுகிறது என்பது தெரிய வேண்டும். புது இனத்துக்குப் பெயர் வைத்தால் ஆய்விதழில் இடம் கிடைக்கிறது. தெரிந்த இனத்தின் பின்னால் இரண்டு மழைக்காலம் அளவுகோலோடு அலைந்தால் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் தேறுகிறது, அவ்வளவுதான். நம் பல்கலைக்கழகங்கள் எதற்கு மதிப்பெண் போடுகின்றன என்பதும் நண்டின் வாழ்வியலில் ஒரு காரணியாகிவிட்டது.

ஈனும் இடத்தைக் காப்பது என்றால் என்ன என்பதற்கு இரண்டு மர நண்டுகளைச் சொல்லலாம். ஜமைக்காவில் மெட்டோபோலியாஸ் டிப்ரெஸஸ் என்றொரு சிறு நண்டு, புரோமிலியாடு செடியின் இலைக்கக்கத்தில் தேங்கும் மழைநீரில் வாழ்கிறது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அதன் தாய்மையை நுணுக்கமாகப் பதிவுசெய்தார். தாய் முதலில் அந்தச் சிறு தொட்டியில் விழுந்த சருகுகளை அகற்றுகிறாள், இல்லையேல் நீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பிறகு காலி நத்தை ஓடுகளைத் தேடிக் கொண்டுவந்து போடுகிறாள். ஓட்டின் சுண்ணாம்பு கரைந்து நீரின் புளிப்பு தணிகிறது. குஞ்சுகளின் ஓட்டுக்குக் கால்சியமும் சேர்கிறது. குஞ்சைத் தின்ன வரும் தட்டான் புழுவையும் சிலந்தியையும் அவளே விரட்டுகிறாள்.

மற்றொன்று நம் மலைக்கு உரியது. கேரளத்தின் தென்கோடி மேற்குத்தொடர்ச்சி மலையில், பெரிய மரங்களின் பொந்துகளில் தேங்கும் நீரில் வாழும் நீண்ட கால்களுடைய நண்டை, காணிப் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். பிஜு குமார், ஸ்மிருதி ராஜ், பீட்டர் இங் ஆகிய மூவர் 2017இல் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அறிந்து சொன்ன மக்களின் பெயரும் அவர்கள் வழங்கிய பெயருமாகச் சேர்த்து 'காணி மரஞண்டு' என்றே இட்டார்கள். அதே காணிகள் மலையின் இந்தப் பக்கம் குமரி, நெல்லை மாவட்டக் காடுகளிலும் வாழ்கிறார்கள். பொந்து விழுந்த மரம் வனக்கணக்கில் பயனற்ற மரம். களையும் போதெல்லாம் முதலில் குறி விழுவது அதற்குத்தான். நீர் தேங்கும் அளவுக்குப் பெரிய பொந்து உருவாக ஒரு மரத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். ஓடை நண்டுக்கு ஓடையின் அளவே கூட்டத்தின் அளவு. இந்த நண்டுக்கு மரங்களின் எண்ணிக்கையே கூட்டத்தின் எண்ணிக்கை. அதனால் இதைக் கணக்கெடுக்கப் போகிறவர் நண்டை எண்ணும் முன் மரத்தை எண்ணலாம்: பொந்துள்ளவை எத்தனை, அவற்றில் கோடையிலும் நீர் நிற்பவை எத்தனை, அந்த நீரில் குஞ்சோடு இருக்கும் பெண் எந்த மாதத்தில் தென்படுகிறது. மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லக் காணி முதியவர் ஒருவர் உடன் வந்தால் வேலை பாதியாகக் குறையும்.